பிள்ளை மருந்து

அத்தை டோ ஞுன் காலையிலேயே வந்துவிட்டாள். சந்தனம் போன்ற தனாக்காக் கட்டையைக் கல்லில் உரைத்து, மஞ்சள் குழம்பை விரலில் எடுத்து, தன் அண்ணனின் கன்னங்கள் இரண்டிலும் வட்டம் வட்டமாகப் பூசினாள். மூக்கின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குப் பூசுவது போலத்தான். பூசி முடித்ததும் தலையைச் சாய்த்து ரசித்தாள்.

"பாரு யமின், உங்க அபே எவ்வளவு அழகா இருக்காருன்னு. யாரு இந்த அழகுக்குட்டி? யாரு? யாரு?"

யமினின் அப்பா ஊ லா போ தங்கையை முறைத்தார். எண்பதை நெருங்கும் அந்த மனிதர் ஒரு காலத்தில் சால்வீன் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டியவர். மழைக்கால வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு வரும்போதும் வாயில் சுருட்டு அணையாமல் மோல்மீன் துறைக்குள் படகைக் கொண்டுவந்து சேர்ப்பார். இப்போது அவர் தாடையில் கெட்டிப்பால் வழிந்து காய்ந்திருந்தது. அதில் ஓர் ஈ நடந்துபோய்த் தனாக்காவின் ஈரத்தில் மாட்டிக்கொண்டது. அத்தை அதைச் சுண்டிவிட்டு, அதே விரலால் அவர் மூக்கைச் செல்லமாகக் கிள்ளினாள்.

யமின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் எளிதில் குமட்டுகிறவள் அல்ல. தாய்லாந்தில் இறால் தொழிற்சாலையில் வருடக்கணக்காகத் தலை கிள்ளி, குடல் உருவி, நாற்றத்தோடு உண்டு உறங்கியவள். அம்மா செத்த பிறகு ஊர் திரும்பி அப்பாவின் துணிகளைத் துவைக்கிறாள். படுக்கையில் போய்விட்டால் அள்ளுகிறாள். அது எதுவும் அவளை ஒன்றும் செய்ததில்லை. மலம் மலமாகத்தான் நாறும், அதில் பொய் இல்லை. இந்தக் கொஞ்சல்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

எல்லாம் ஒரு வார்த்தையில் தொடங்கியது. முன்பு ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மறதி கூடிக்கொண்டே போகும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நிறையச் சொல்லியிருக்கிறார். உள்ளே போய்க் கேட்டவன் அண்ணன் மின் ஸோ. வெளியே காத்திருந்தவர்களிடம் அவன் கொண்டுவந்து சேர்த்தது ஒரே வரி: "அபே பிள்ளையாத் திரும்பிட்டாரு."

ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த நோய்க்கு ஊர்ப்பேச்சில் வேறு பெயர் இல்லை. அதைக் கேட்டதும் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. நோயாளி என்றால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது, பிள்ளை என்றால் எல்லாருக்கும் தெரியும். அன்று முதல் வீட்டுக்குள் கெட்டிப்பால் வந்தது. சோறு குழைந்தது. கழுத்தில் துண்டு ஏறியது. பார்க்க வருகிறவர்கள் கையைத் தட்டி, கிலுகிலுப்பை ஆட்டாத குறையாக அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்கள். அவர் முறைத்தால், "பாரேன், கோவத்தப் பாரேன்" என்று அதற்கும் சிரித்தார்கள்.

அதே வழியில்தான் அந்த ரோஜா நிறச் சிரப்பும் வந்தது. அப்பா ராத்திரியில் எழுந்து நடந்தார், துறைக்குப் போக வேண்டும் என்று கதவை ஆட்டினார். அத்தை கடைத்தெரு மருந்துக்கடையில் சொன்னாள். கடைக்காரி குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் கொடுக்கிற புட்டியை எடுத்துத் தந்தாள். ஒரு மூடி ஊற்றினால் எந்தப் பிள்ளையும் தூங்கிவிடுமாம். பச்சைப்பிள்ளையே குடிக்கிறது, இவரை என்ன செய்துவிடும்? முதல் வாரம் தூங்கினார். யமினும் தூங்கினாள். அந்தத் தூக்கத்துக்காக அத்தையின் கையைப் பிடித்து நன்றி சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறது. பிறகு ஒரு மூடி போதவில்லை. இரண்டு, மூன்று என்று ஏறியது.

மழை விடும் பருவத்தில் அவர் அடியோடு மாறிப்போனார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று உள்ளங்கையால் அறைந்தார். இல்லாத நூலைக் காற்றிலிருந்து உருவினார். நாக்கு அண்ணத்தில் ஒட்டி, பேச்சு மாவு பிசைந்தது போலக் குழறியது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் லுங்கியைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். துளித்துளியாக நனைத்துக்கொண்டே இருந்தார். வீடு முழுக்கப் புளித்த மூத்திர வாடை அடித்தது, அதன் மேல் சிரப்பின் இனிப்பு வாடை. பழக்கடைக் குப்பையில் பூனை செத்துக் கிடப்பதுபோல இருந்தது யமினுக்கு.

அன்று மாலையும் அத்தை கரண்டியோடு உட்கார்ந்தாள். மின் ஸோ மூன்று சக்கர வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்தான். ஐம்பதைத் தாண்டியவன், தொப்பை முன்னால் வர அவன் பின்னால் வருவான்.

"படகு வருது, படகு வருது" என்றாள் அத்தை, கரண்டியைக் காற்றில் ஆட்டிக்கொண்டே. "துறையத் தொறங்க. ஆ..."

"பூம்..." என்று மின் ஸோ சங்கு ஊதினான். "கேப்டன், வாயத் தொறங்க, பயணிங்க காத்திருக்காங்க."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். ஊ லா போ கரண்டியைத் தட்டிவிட்டார். ரோஜா நிறத் திரவம் அவர் மார்பில் வழிந்தது. அத்தை அதை விரலால் வழித்து அவர் வாயிலேயே தேய்த்தாள்.

"போதும் டோடோ, விடுங்க" என்றாள் யமின் அத்தையிடம்.

"நீ விட்டுட்டுத் தூங்குவ, விடிய விடிய யாரு முழிக்கிறது?"

"நான்தான் முழிக்கிறேன்."

"அதான் சொல்றேன், உனக்காகத்தான் ஊத்துறேன்."

மின் ஸோ தரையில் சம்மணமிட்டு, குரலைத் தாழ்த்தினான். "பாலத்துக்கு அந்தப் பக்கம் முதியோர் மடத்துல பேசிட்டேன். எடுத்துக்கிறாங்க. தடின்யுட் பௌர்ணமி அன்னிக்குக் காலையில எல்லாரும் வந்து அபேயக் கும்பிட்டுருவோம். மத்தியானம் நானே வண்டியில கொண்டுபோய் விட்டுர்றேன். ஒரே ஒரு நிபந்தனை, கத்தக் கூடாது. கத்தினா கட்டிப் போடுவாங்களாம்."

"கட்டிப் போடுவாங்களா?"

"மெத்துன்னு துணியாலதான். பிள்ளையத் தொட்டில்ல கட்டுறதில்லையா?"

யமின் எழுந்து கொல்லைப்புறம் போய்த் துப்பினாள்.

பிறகு அப்பாவைத் துடைக்கும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. அடிவயிறு பானையைக் கவிழ்த்தது போல மேடாக, கெட்டியாக இருந்தது. ஈரத்துணி பட்டதும் அவர் அலறினார். அந்த அலறல் சுவர் எறும்புகளைப் பார்த்து அலறியது போல இல்லை.

"கோகோ, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள் அண்ணனிடம்.

"எதுக்கு? திரும்பாத நோய்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க. மறுபடி போய் அந்தப் பெரியவங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்? எனக்குக் கூச்சமா இருக்கு."

இந்தக் கூச்சம் அவர்களுக்கு ரத்தத்தில் ஓடுவது. மேலே இருக்கிறவர்களைக் கேள்வி கேட்கக் கூச்சம், அவர்கள் சொன்னது புரியவில்லை என்று சொல்லக் கூச்சம், இன்னொரு முறை கதவைத் தட்டக் கூச்சம். இதற்கு நல்ல பண்பு என்று பெயர்.

"கூச்சத்த நீ வச்சுக்க. வண்டிய எடு."

ஆஸ்பத்திரியில் இருந்தது இளம்வயது லேடி டாக்டர். தூக்கம் இல்லாத கண்கள். ஊ லா போவின் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார், முகம் சுளித்தார். பிறகு அவருடைய கன்னத்து வட்டங்களைப் பார்த்தார், இன்னும் சுளித்தார். குழாய் போட்டார்கள். பையில் மூத்திரம் இறங்கியது, அடர்ந்த தேநீர் நிறத்தில். நிற்கவே இல்லை. நர்ஸ் பையைக் காலி செய்து மறுபடி மாட்டினாள். நாற்றத்தில் மின் ஸோ வெளியே பார்த்துத் திரும்பிக்கொண்டான். அத்தை தோள் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, "அட, குட்டி எவ்வளவு உச்சா போயிருக்கு" என்றாள்.

ஊ லா போ நீளமாக மூச்சு விட்டார். இறுகியிருந்த கைகள் அவிழ்ந்தன. கூரையைப் பார்த்து, பிறகு யமினைப் பார்த்து, குழறலாக, ஆனால் வார்த்தை வார்த்தையாகக் கேட்டார்: "இது எந்தத் துறை?"

எத்தனை நாளாகவோ அந்தப் படுபாவிகள் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் உடம்பு வெடிக்கிற வலியில் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் படுபாவிகளில் தானும் ஒருத்தி என்று எண்ணியதும் யமினுக்கு நெஞ்சு வரை கசந்தது.

யமின் சுவர் எறும்புகளைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் கேட்டார்: "என்ன மருந்து குடுக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்ல சயாமா" என்றான் மின் ஸோ, பணிவாக.

"தூக்கத்துக்கு, வலிக்கு, எதுவும்?"

"சத்தியமா எதுவும் இல்ல சயாமா" என்றாள் அத்தை. அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது மருந்தே இல்லை. மருந்து என்பது பெரியவர்களுக்கு, மாத்திரையாக, கசப்பாக இருப்பது.

யமினும் தலையை ஆட்டினாள், இல்லை என்று. டாக்டர் எழுதத் தொடங்கினார். பேனா பாதி வரி போய்விட்டது. அத்தை இல்லை என்று சொன்னபிறகு, அண்ணன் இல்லை என்று சொன்னபிறகு, பெரிய இடத்தில் வைத்து அவர்கள் மூக்கை எப்படி உடைப்பது? அதே பாழும் கூச்சம். அப்பாவின் சட்டையில் காய்ந்த ரோஜா நிறக் கறையில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன.

"சிரப் குடுக்கிறோம்" என்றாள்.

பேனா நின்றது. "என்ன சிரப்?"

"குழந்தைங்க சளிக்குக் குடுக்கிறது."

"இவருக்குச் சளியா?"

"இல்ல."

"வீட்டுல குழந்தை இருக்கா?"

"இல்ல சயாமா."

"அப்புறம்?"

"இவரு பிள்ளையாத் திரும்பிட்டாரில்லையா, அதனால..." என்று அத்தை இழுத்தாள்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் ஆணி அடிப்பது போல விழுந்தது. "இவர் பிள்ளை இல்ல. வயசான மனுஷன். மூளையில நோய். அந்தச் சிரப் இந்த மாதிரி ஆளுக்கு மூத்திரத்த அடைக்கும், வாயக் காய வைக்கும், புத்தியக் கலக்கும். ஒரேயடியா இப்படி மோசமானா அது பழைய நோய் வளர்ந்ததுன்னு நினைச்சுட்டு உட்காரக் கூடாது, வேற காரணம் இருக்கான்னு பாக்கணும். சிரப்ப நிறுத்துங்க. மறதி இருக்கும், அது போகாது. சுவத்துல எறும்பு போயிரும்."

"சரிங்க சயாமா, சரிங்க சயாமா" என்று மின் ஸோவும் அத்தையும் மாறி மாறித் தலையாட்டினார்கள். கோவிலில் கும்பிடுவது போல இரண்டு கையும் குவித்திருந்தார்கள். காதில் ஒன்றும் போகவில்லை என்பது அந்தக் கும்பிடிலேயே தெரிந்தது.

திரும்பிவந்து வீட்டு வாசலில் இறங்கியதும் அத்தை சொன்னாள்: "என் மானத்த வாங்கிட்ட."

சில நாட்களில் குழாயை எடுத்தார்கள். எறும்புகள் போய்விட்டன. நாக்கு நனைந்தது. யார் பெயரும் நினைவில்லை, சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்டார், பொழுது சாய்ந்தால் துறைக்குப் போக வேண்டும் என்றார். ஆனால் அலறல் இல்லை. யமின் சோற்றைக் குழைக்காமல், மீன் குழம்போடு தட்டில் வைத்தாள். அவர் தன் கையால் பிசைந்து, முள்ளைத் தானே எடுத்துவைத்துச் சாப்பிட்டார்.

தடின்யுட் பௌர்ணமி வந்தது. காலையிலேயே உறவு கூடிவிட்டது. வாழைத்தார், தேங்காய், புது லுங்கி எல்லாம் பாயில் பரப்பியிருந்தன. அவர்கள் மண்டியிட்டு மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்குவார்கள், பெரியவர் வாழ்த்துச் சொல்வார். அதுதான் முறை. ஊ லா போ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மின் ஸோ கும்பிடுவதற்கு முன் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துப் பாய்மேல் வைத்தான். ஆரஞ்சு நிறம். மேலே யானைக்குட்டிப் படம்.

யமின் அதைப் பார்த்தாள். "இது என்ன?"

"மத்தியானம் வண்டியில கத்தாம வரணுமில்ல?"

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அது ரோஸ் கலர்" என்றான் மின் ஸோ. "எல்லை தாண்டி வந்த போலிச் சரக்கு. கடைக்காரியே ஒத்துக்கிட்டா. இது நல்ல கம்பெனி."

"பொறந்த பிள்ளைக்கே குடுக்கிறாங்க" என்றாள் அத்தை. "ஒண்ணும் பண்ணாது."

கூடியிருந்தவர்களில் ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு மாமி தலையை ஆட்டி, தன் பேரனுக்கும் அதுதான் என்றாள். யமின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குளித்து, பூ வைத்து, புண்ணியம் தேட வந்த முகங்கள். எச்சில் இலைகளைப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு.

"ஒண்ணும் பண்ணாதுன்னா நீ குடி கோகோ."

"என்ன?"

"பச்சப்பிள்ளை குடிக்கிறதுதானே. நீ ஆம்பள. குடி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மின் ஸோ சுற்றிலும் பார்த்தான். "ஏய், நான் சாராயத்தையே தண்ணி மாதிரி குடிக்கிறவன்."

"அப்போ அபேக்கு ஊத்துற அளவு குடி, பாப்போம்."

அவன் புட்டியைத் திறந்தான். மூன்று மூடி ஊற்றிக் குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டி, "ஆரஞ்சு ஜூஸ்" என்றான். சிரிப்பு கூடியதும், மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புட்டியிலிருந்தே ஒரு வாய் இழுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

கும்பிடு முடிந்தது. சாப்பாடு பரிமாறினார்கள். பன்றிக்கறி இரண்டாம் முறை வரும்போது மின் ஸோவின் தலை தொங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்தி, என்ன சொல்ல வந்தேன் என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். பிறகு சோற்றுக் கையோடேயே சுவரில் சாய்ந்து, சரிந்து, பாயில் விழுந்து வாயைப் பிளந்து குறட்டை விட்டான். உதட்டோரம் கொழுப்பும் ஆரஞ்சு நிற எச்சிலும் வழிந்தன. வண்டிச் சாவி அவன் இடுப்பில் இருந்தது. மடத்துக்குப் போகிற நேரம் வந்தது, போனது. உலுக்கிப் பார்த்தார்கள். "ம்... வர்றேன்..." என்றானே தவிரக் கண் திறக்கவில்லை.

வெயில் சாய்ந்தபிறகு தள்ளாடி எழுந்தான். வாய் காய்ந்து உதடு பல்லில் ஒட்டியது. கொல்லைப்புற வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். "ஏய், வர மாட்டேங்குதுடா" என்று அவன் வாழை மரத்திடம் முறையிட்டது உள்ளே எல்லாருக்கும் கேட்டது. உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

இப்போதாவது புரிந்திருக்கும் என்று யமின் நினைத்தாள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பின்ன? தடியன் குடிச்சா ஒத்துக்குமா? அது பிள்ளைங்களுக்கான மருந்து. பிள்ளைங்களுக்கும், பிள்ளையாத் திரும்பினவங்களுக்கும்தான் ஒத்துக்கும்."

"அதான் விஷயம்" என்றாள் மாமி.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். யமினுக்குச் சிரிப்பும் ஓங்கரிப்பும் ஒன்றாக வந்தன. இவர்களிடம் பேச இனி ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது. புரியவைத்துவிட்டுத்தான் அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அது நடக்காது.

"கேளுங்க எல்லாரும்" என்றாள். "அபே எங்கேயும் போகல. மடத்துக்கு ஆள் அனுப்பிச் சொல்லிருங்க. இனிமே இந்த வீட்டுல அவருக்குச் சோறு, தண்ணி, மருந்து, எதுவானாலும் என் கையாலதான். வேற யாராவது ஒரு சொட்டு ஊத்தினா, ஊத்தின கைய உடைப்பேன். டோடோ, உங்களுக்கும் சேத்துத்தான்."

"என்ன பேச்சு இது, நல்ல நாளும் அதுவுமா?"

"கூச்சமா இருக்கா? எனக்கு இல்ல."

அப்போது நாற்காலியிலிருந்து ஊ லா போ சொன்னார்: "மூத்திரம் வருது."

யமின் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் அவளை யார் என்று பார்த்தார், பிறகு பரவாயில்லை என்பது போல நடந்தார். பின்னாலேயே அத்தையும் மாமியும் இன்னும் இரண்டு பேரும் எழுந்துவந்தார்கள். "போறாரு பாரு, சமத்து! தானாக் கேக்குறாரு பாரு!" யமின் கழிவறைக் கதவை அவர்கள் முகத்தில் சாத்தித் தாழிட்டாள்.

அவர் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றார். வெளியே அத்தை கதவில் வாயை வைத்து, பிள்ளைகளுக்குச் செய்வதுபோல ஆரம்பித்தாள்: "ஷ்ஷூ... ஷ்ஷூ... ஷ்ஷூ..." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஊ லா போவின் முகம் கோணியது. யமின் வலியோ என்று பயந்து பார்த்தாள். வலி இல்லை. படகில் யாரோ வாந்தி எடுத்துவிட்டதைப் பார்க்கும் படகோட்டியின் முகம் அது. அருவருப்பு, கலப்படம் இல்லாத அருவருப்பு.

"அந்தப் பொம்பளைய வாய மூடச் சொல்லு" என்றார். "சத்தத்துல வர மாட்டேங்குது."

யமின் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.